ஸபூர் போக ஒரு வழி

ஹாஜி ஷனாவா காப்பிக் கோப்பையை வாங்கினார். உதட்டருகே கொண்டுபோகாமல் பாயின்மேல் தனக்கு முன்னால் வைத்துவிட்டார். அவரோடு வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். நாணல் விருந்துக்கூடத்தில் பேச்சு நின்றது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஸபாஹ் கையில் பாத்திரத்தோடு தன் தகப்பன் ஹாஜி மிஸ்அலைத் திரும்பிப் பார்த்தான். விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் மனத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை அவர் ஒரு சொட்டும் குடிக்க மாட்டார். பஸ்ராவுக்குக் கீழே, ஆறு கடலில் சேரும் ஃபாவ் கரையில் இது தவழும் குழந்தைக்கும் தெரியும். என்ன வேண்டுமென்று விசாரித்துவிட்டுக் கொடுப்பவன் கடைக்காரன். விசாரிக்காமல் கொடுப்பவன்தான் வீட்டுக்குப் பெரியவன் என்பது ஹாஜி மிஸ்அலின் கட்சி.

மிஸ்அல் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். இந்தக் கோப்பைக்காகத்தான் அவர் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார். கிளையாற்றில் மேலே போனால் ஷனாவாவின் பேரீச்சந்தோப்பு. அவர் மகன் ராஹிக்குப் பெண் தேடுகிறார்கள் என்று ஊரே பேசியது. ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்த மிஸ்அலின் மனைவி உம்மு ஸபாஹ், ஷனாவா வீட்டுப் பெண்கள் நம் மகள் நூரியாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அது போதாதா? மிஸ்அல் அடுத்த வாரமே ஆட்களை வைத்து ஆற்றுவாயில் நின்ற மீன்வேலியை நீட்டிவிட்டார். பேரீச்சை மட்டையும் நாணலும் வைத்துப் பின்னிய வேலி அது. கடல் ஏறும்போது மீன் உள்ளே வரும், இறங்கும்போது வேலியோரமாகவே போய்க் கடைசிப் பட்டியில் மாட்டிக்கொள்ளும். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து பாதி ஆறுவரைதான் வேலி நின்றது. இந்த வசந்தத்தில் அது எதிர்க்கரையைத் தொட்டது. மகள் கல்யாணத்தில் புளியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட ஸபூர் மீன் ஒரு தட்டுக்கு வரவில்லை என்று எவன் வாயிலும் வந்துவிடக் கூடாதே.

மிஸ்அல் தொண்டையைச் செருமினார். "குடிங்க ஹாஜி. நீங்க எதக் கேட்டு வந்தீங்களோ அது உங்களோடது. இந்தக் கூரைக்குக் கீழ யாரும் வெறுங்கையோட போனதில்ல."

ஷனாவாவின் முகம் மலர்ந்தது. காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு மிஸ்அலைப் பார்த்துச் சொன்னார்: "அல்லாஹ் உங்க வீட்டுக்குக் கொறவில்லாம வைக்கட்டும், அபூ ஸபாஹ். இதக் கேக்கத்தான் வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தோம். அப்ப நாளைக்கே வேலியப் பிடுங்கிடலாமா? மீனுக்கு வயித்துல முட்ட தாங்கல. மேல எங்க பக்கம் ஒரு வால்கூட வரல."

பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு, பாதியிலேயே இருமலாக மாறியது.

மிஸ்அலுக்குக் காது சூடாகிவிட்டது. 'நான் நினைத்தது வேறு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலி தப்பிக்கும். ஆனால் யாரும் கேட்காத பெண்ணைத் தானே தூக்கிக் கொடுக்கப் பார்த்தவன் என்ற பேர், ஃபாவிலிருந்து பஸ்ராவரை எல்லாப் படகிலும் ஏறிப் போகும். அவர் ஷனாவாவின் காலைப் பார்த்தார். கணுக்கால்வரை ஆற்றுச் சேறு. பெண் கேட்க வருகிறவன் சேற்றுக்காலோடு வருவானா? முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

"வேலிதான்," என்றார் மிஸ்அல், குரல் நடுங்காமல். "வேற எதுக்கு வரப்போறீங்க? கடல் ஏறுற நேரத்துக்கு நானே பிடுங்குறேன்."

அவர்கள் வாழ்த்திக்கொண்டே போனார்கள். படகு ஆற்று வளைவில் மறையும்வரை பொறுத்திருந்த உம்மு ஸபாஹ், பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சீர் கேட்டிருந்தால் படகையும் கொடுத்திருப்பீர்கள், நல்லவேளை வேலியோடு விட்டார்கள் என்றாள். மிஸ்அல் அதையெல்லாம் தூண்போல நின்று வாங்கிக்கொண்டார். கோப்பைகளைப் பொறுக்க வந்த நூரியா சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது.

"மீனக் கேட்டாங்க, தப்பிச்சேன் யாபா. என்னைக் கேட்டிருந்தாலும் நீங்க இதேதான் சொல்லியிருப்பீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

மறுநாள் காலை கடல் ஏறத் தொடங்கியபோது மிஸ்அல் வெளுத்த அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினார். ஒரு படகு போகுமளவு பிடுங்கினால் போதாதா, மீதியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஸபாஹ் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"கொடுத்த வாக்குல கால்வாசி, அரைவாசி உண்டாடா?" என்றார். மகனும் அங்கியைச் செருகிக்கொண்டு நீரில் இறங்கினான்.

எதிர்க்கரையில் யாரும் கூப்பிடாமலே ஒருவன் ஏற்கெனவே தண்ணீரில் நின்றான். ஷனாவாவின் மகன் ராஹி. மட்டைகளை முறிக்காமல், அடியில் கைவிட்டு ஆட்டி ஆட்டி எடுத்து, ஈரம் வடியக் கரையில் வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தான். மறுபடி நடும்போது உதவும்படி. வேலை தெரிந்தவன் என்று மிஸ்அல் மனத்துக்குள் ஒத்துக்கொண்டார். நூரியா ரொட்டியும் மோரும் கொண்டுவந்து இந்தக் கரையில் வைத்தாள். அவன் இந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அவ்வளவு பிடிவாதமாக ஒருவன் திரும்பாமல் இருப்பதைப் பார்த்தபோதுதான் மிஸ்அலுக்குச் சந்தேகம் வந்தது. மகளைப் பார்த்தார். அவள் மோர்ப் பானையின் மூடியை வேண்டுமென்றே மூன்றாவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பிறகு மீன் வந்தது. முதலில் தண்ணீர்மேல் ஒரு சுருக்கம், துணியை யாரோ பிடித்து இழுத்ததுபோல. அடுத்து வெள்ளி முதுகுகள். முழங்கை நீளம்கூட இல்லாத ஸபூர், வயிறு பருத்து, நேற்றுவரை முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு கணம் தயங்கி, வழி இருக்கிறதென்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக மேலே ஏறியது. சில மிஸ்அலின் காலில் மோதிக்கொண்டு போயின. கூசியது. அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை ஸபாஹ் பார்த்துவிட்டதும், "என்னடா பார்வ, மட்டையப் பிடி" என்று அதட்டினார்.

அந்த வாரக் கடைசியில், வெயில் தாழ்ந்த நேரம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஷனாவாவின் படகு வந்தது. இந்த முறை பின்வரிசையில் பெண்களும் இருந்தார்கள். ஆண்கள் ஓரம் தங்கச்சரிகை வைத்த மேலங்கி போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் காலில் செருப்பு, சுத்தமான செருப்பு. மிஸ்அல் காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். தலைத்துணியைச் சரிசெய்தார். பிறகு, அந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் அதுவரை செய்யாததைச் செய்தார். ரொட்டி அடுப்படிக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அவங்க கோப்பையக் கீழ வச்சா," என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் என்னம்மா சொல்லட்டும்?"

நூரியா மாவு ஒட்டிய கையைத் துடைத்தாள். "மொதல்ல என்ன வேணும்னு கேளுங்க யாபா. கடைக்காரன் மாதிரி." அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியதில். "அப்புறம் திரைப் பக்கம் ஒரு தடவ பாருங்க, நான் அங்கதான் நிப்பேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார். வேலி நின்ற இடத்துக்குப் படகு வந்திருந்தது. முன்னால் நின்ற ராஹி திடீரென்று துடுப்பைத் தண்ணீரிலிருந்து உயர்த்திப் பிடித்தான். படகு நின்றது. தங்கச்சரிகைக்காரர்கள் எல்லாரும் அசையாமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் சுருங்கச் சுருங்க, ஸபூர் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.