பத்தொன்பது பட்டைகளில் அண்ணன் முகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. படத்துக்குப் பிரேம் போடுகிறவரை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேரில் திட்ட அண்ணி விடவில்லை. காகிதத்தில் திட்டுவதை யார் தடுப்பது? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பால் வீட்டுக்கு இதுவரை கிடைத்த ஒரே பயன், நான் கோர்வையாகத் திட்டுவேன் என்பதுதான்.

முதல் தொடக்கம்: "மாலை வெயில் காகித அடுக்குகளின் மேல் மெல்லப் படர்ந்தபோது அவள் கண்களில்—"

வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் மாலை வெயில் வராது. எதிர்க்கட்டடம் விடாது.

இரண்டாம் தொடக்கம்: "கலை என்பது பிழையின் மறுபெயர்." எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணியிடம் வாசித்தால், "சரி பட்டதாரி, அப்புறம்?" என்பாள்.

எனவே நேராக விஷயத்துக்கு.

2

அண்ணி அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். அச்சாகி வரும் தாளில் சிவப்பு ஓரிடத்திலும் நீலம் ஓரிடத்திலுமாக நிறம் விலகியிருந்தால், அதைக் கழித்துப் போடுவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மிஷின்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்கேல்'.

அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம். சேர்ந்து இருந்தது மொத்தம் ஐந்து மாதம். மிச்சமெல்லாம் வீடியோ கால். நெட் திணறும்போது அவன் முகம் பட்டை பட்டையாக உடையும். நெற்றி ஒரு பக்கம் போகும், வாய் இன்னொரு பக்கம் போகும், காதோரம் ஒரு சிவப்புக் கோடு நிற்கும். "கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடுடா" என்று நாங்கள் கத்துவோம். அண்ணி மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அந்த உடைந்த முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதைத்தான் சுவரில் மாட்டும் படமாகச் செய்தாள். அடியில் நீலப்பச்சை அட்டையில் வெட்டிய முகம். அதன்மேல் அதே முகம் சிவப்பில், கொஞ்சம் தள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு வெள்ளை முகம். அதைக் குறுக்காகப் பத்தொன்பது பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அளவுக்கு நகர்த்தி ஒட்டியிருந்தாள். நிழல் விழுவதற்காக அடுக்குகளுக்கு நடுவே தடித்த ஸ்பாஞ்ச் டேப். தள்ளி நின்று பார்த்தால் சுவரே நெட் கிடைக்காமல் திணறுவது போலிருக்கும். கிட்டே போனால் வெறும் அட்டை. எங்கும் ஒரு பிசிறு கிடையாது. பகலெல்லாம் விலகினதைத் தூக்கிப் போடுகிறவள், வீட்டுக்கு வந்து அளந்து அளந்து விலக்கினாள்.

(நானும் ஒரு பட்டையை நறுக்கிப் பார்த்தேன். பிளேடு மூக்கைத் தாண்டிக் கன்னத்துக்குள் போய்விட்டது. "நீ எழுதப் போ. அதுல எங்க அறுத்தாலும் ரத்தம் வராது" என்றாள் அண்ணி.)

போனில் காட்டியபோது அண்ணன் சிரித்தான். "என்னடி, என்னை வெங்காயம் மாதிரி நறுக்கி வச்சிருக்கே?"

"எனக்கு உங்களை இப்படித்தானே தெரியும்."

இந்த ஒரு வரிக்குப் பக்கத்தில், நான் மேலே எழுதியது எதுவும் நிற்காது.

3

படத்தைப் போட்டோ எடுத்து ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். அண்ணி பெயர் போட்டு ஒரு பொருள் வெளியில் நிற்பது இதுதான் முதல் தடவை. (அமைப்பாளர் போனில் கேட்ட முதல் கேள்வி, "எங்க படிச்சாங்க?" நான் சொன்ன பதிலை அச்சிட முடியாது.) சனிக்கிழமை ஐந்து மணிக்குள் பிரேம் போட்டு ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு.

பிரேம் போடுகிறவர் அச்சகத்துக்கு அடுத்த கடைக்காரர்; படத்தை அவரிடம் முன்னாலேயே கொடுத்திருந்தோம். சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனோம். துணியை விலக்கிக் காட்டினார். கண்ணாடி இன்னும் போடாத பிரேமுக்குள் அண்ணன் பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பது போல் நேராக, முழுசாக இருந்தான்.

"ஏம்மா, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு விலகிக் கிடந்துச்சு" என்றார் தணிந்த குரலில். "நம்ம ஸ்கேல் செஞ்சதுல இப்படியா? அவசரத்துல டேப் நழுவியிருக்கும்னு, ஹேர் டிரையர்ல சூடு காட்டி ஒவ்வொண்ணா எடுத்து நேராக்கிட்டேன். அடியில இருந்த ரெண்டையும்தான். ரெண்டு நாள் ஆச்சு. யார்கிட்டயும் மூச்சு விடலை."

"அது வேணும்னே விலக்கினது!" என்று கத்தினேன்.

"வேணும்னேவா?" அவர் அண்ணியைப் பார்த்தார். "விலகினதைக் கண்டா தூக்கிப் போடுற ஆளாச்சேம்மா நீ!"

அண்ணி குனிந்து, கண் இருந்த பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"அட்டையில எங்கயும் நார் எழும்பலையே அண்ணே. எப்படி எடுத்தீங்க?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான்."

4

என் முதல் பிரதியில் பிரேம்காரர் மட்டி. கையில் பசை, வாயில் உளறல், கண்ணில் ரசனை என்ற பொருளே இல்லாத ஆசாமி. அண்ணி படித்துவிட்டு, "இது யாரு?" என்றாள்.

"அவர்தான்."

"அந்த ஆளு என் மானம் போகக் கூடாதுன்னு ரெண்டு நாள் குனிஞ்சு உக்காந்து வேலை செஞ்சிருக்காரு. நீ அவரை ரெண்டு வரியில கிழிச்சிட்டே. கிழிக்கிறது சுலபம், பட்டதாரி."

எனக்கு உறைத்தது. பத்தொன்பது பட்டை, ஒட்டிய டேப், ஒரு கிழிசல் இல்லை. எங்கே படித்தார் என்று அவரையும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அவரை மாற்றி எழுதினேன். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அதை யார்மேல் வைப்பது என்றுதான் இன்னும்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

5

முடிவுகள்.

அ) நேரான முகத்தையே அண்ணி கொண்டுபோய் மாட்டுகிறாள். "நாங்க எடுத்தது இது இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நம்பும்படியாக இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆ) நான் அமைப்பாளரோடு சண்டை போட்டு இரண்டு நாள் தவணை வாங்குகிறேன். கூட்டம், கைதட்டல். இதை ஒரே மூச்சில் எழுதினேன். அண்ணி படித்துவிட்டு, "கைதட்டல் எல்லாம் உனக்கு வந்துருச்சு. என் படம் எங்க?" என்றாள்.

இ) நடந்ததில் நான் சொல்லக்கூடிய வரைக்கும் இதோ. பிரேம்காரர் தானே ஹேர் டிரையரைப் பிளக்கில் செருகினார். மேல் பட்டையில் சூடு காட்டினார். "போன்ல போட்டோ இருக்குல்ல அண்ணி, அளந்து அப்படியே ஒட்டிருங்க" என்றேன்.

"அது நகல் எடுக்கிறது."

பட்டை இளகியது. அண்ணி இரண்டு முனையிலும் விரல் வைத்தாள். நகர்த்தவில்லை. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அசையாமல், உடையாமல்.

"இவரை இவ்வளவு நேரம் சேர்ந்தாப்பல பார்த்ததே இல்லை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இதுக்கு மேல எழுதாதே. இது என் படம்."

அப்போது மணி மூன்று நாற்பது. ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் எது இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். என்னை விடாதவள், உங்களைத் தடுக்கவில்லை. பட்டை இப்போது உங்கள் விரலடியில். சூடு ஆறினால் டேப் இறுகிவிடும். அதற்குள் இடமா, வலமா, அப்படியேவா என்று பாருங்கள்.

மெதுவாக. கிழிந்துவிடப் போகிறது.