அரை சென்டிமீட்டர்

"எந்தக் கால்?"

"இடது கால்தான் அண்ணி."

"முட்டிக்கு மேலயா, கீழயா?"

"முட்டிச் சில்லுக்குக் கீழ. கொஞ்சம் உள்பக்கமா. இதோ, இங்க."

நாத்தனார் விரல் வைத்துக் காட்டிய இடத்தை, கண்ணளவு என்று எல்லோரும் கூப்பிடும் அண்ணி குனிந்து பார்த்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். பதினாலு மாதமாகத் தன் காலில் அதே இடத்தைத்தான் அவள் தடவியும் அமுக்கியும் திட்டியும் வந்திருக்கிறாள்.

"மாடிப்படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போது. ஏறும்போது சும்மா இருக்கு. நீங்க என்ன அண்ணி, பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே கேக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை. நாத்தனார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். அவளுடைய அண்ணன், அதாவது கண்ணளவின் கணவர், சமையலறை வாசலில் துவாலையும் கையுமாக நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எதைப் பார்த்தாலும் எங்கே சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

"முட்டிவலி எப்பலேந்து தொத்துவியாதி ஆச்சு?" என்றார்.

"சிரிக்காதண்ணே. எனக்கு முப்பத்தஞ்சு வயசு. இந்த வயசுல தேய்மானம்னு சொன்னாங்கன்னா கடையில எல்லாரும் என்னைப் பாட்டின்னே கூப்பிடுவாங்க."

தேய்மானம். அந்தச் சொல்லைக் கேட்டாலே கண்ணளவுக்கு ஆகாது.

கண்ணளவு என்பது வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு வைத்த பெயர். மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் கூடம் அது. அங்கே இருபது வருடமாக அவள்தான் துணி வெட்டுகிறாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வாசலில் வந்து நின்றாலே போதும், இடுப்பு இவ்வளவு, கால் நீளம் இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பிறகு டேப் வைத்துப் பார்த்தால் நூலளவு பிசகாது. டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பது மரியாதைக்குத்தான் என்று தையல்காரிகள் கேலி செய்வார்கள்.

வேலைக்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் சைக்கிள். மெல்லிய சக்கரமும் வளைந்த கைப்பிடியுமாக, எலும்பும் தோலுமான ஒரு சைக்கிள். பதினோரு வருடத்தில் ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து அவளே கோத்தது. விடிந்ததும் கிளம்பி, பெயின்ட் தொழிற்சாலையின் நீண்ட மதிலைக் கடந்து, நீர்த்தேக்கத்துக்குப் போகும் மேட்டுச் சாலையில் ஏறி, உச்சியில் ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்குவாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரம் ஐம்பத்தொன்பது நிமிடமும் என்று ஒருமுறை கணவரிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு முட்டி வலிக்க ஆரம்பித்தது. முதலில் மதிலோரத்தில் ஒரு சுருக்கென்ற குத்தல். பிறகு மேட்டில். பிறகு வேலையில், மேஜைக்கு முன்னால் நிற்கும்போதும். அவள் செய்யாத வைத்தியம் இல்லை. இருக்கையை ஏற்றினாள், இறக்கினாள், முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். ஐஸ் வைத்தாள், வெந்நீர் வைத்தாள். முட்டிக்கு உறை மாட்டினாள். தைலம் தேய்த்துத் தேய்த்து, வெட்டுகிற துணியிலும் அந்த வாசனை ஏறி, நோயாளிகள் நர்ஸைப் பார்த்து மூக்கைச் சுளிக்கப்போகிறார்கள் என்று கூடமே சிரித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் தெரியல. வயசாகுதில்லையா, தேய்மானம் இருக்கும். சைக்கிளை விட்டுடுங்களேன்" என்றார். பற்பசையை மாற்றிப் பாருங்களேன் என்கிற குரலில் சொன்னார்.

விட்டாள். ஆறு வாரத்தில் வலி காணாமல் போனது. ஆசையோடு ஏறினாள். மூன்றாம் நாள், அதே மதிலோரத்தில், அதே குத்தல். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து வந்தாள். அடுத்த வாரம் நாத்தனாரைக் கூப்பிட்டு, "எடுத்துக்கிட்டுப் போ. கண்ணுல படுற மாதிரி வெச்சிருந்தா மறுபடி ஏறிடுவேன்" என்றாள். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே கால் நீளம். அதையும் அவள் பார்வையாலேயே எப்போதோ அளந்து வைத்திருந்தாள்.

அது நடந்து மூன்று மாதம். இப்போது நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"சைக்கிள் எங்க?" என்றாள் கண்ணளவு.

"கீழ, படிக்கட்டுக்கிட்ட. பஸ்ல வர மனசில்ல. வலிச்சாலும் அதுலதான் வந்தேன்."

"வா கீழ."

"அண்ணி, இறங்கும்போதுதான் வலிக்குதுன்னு இப்பத்தான் சொன்னேன்."

"பரவாயில்ல, வா."

மூவரும் இறங்கினார்கள். படிக்கட்டின் அடியில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. மூன்று மாதமாகக் கண்ணளவு அதன் முகத்தில் விழிக்கவில்லை. கைப்பிடியில் நாத்தனார் புதிதாகப் பச்சை நாடா சுற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும் கண்ணளவுக்கு லேசாகச் சுர்ரென்றது. நன்றாகச் சுற்றியிருந்தாள் என்பது இன்னும் உறைத்தது.

"ஏறி உக்காரு. நீங்க பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிங்க. நீ மெதுவா பெடலை மிதி."

லிஃப்ட்காரர் சைக்கிளோடு தங்கையையும் சேர்த்துத் தூக்கி, "என்ன சாப்பிடறே நீ?" என்று முனகினார். நாத்தனார் சுவரில் ஒரு கையை ஊன்றி மிதித்தாள். கண்ணளவு எதிரில் தரையில் குந்தினாள். முட்டிகள் ஏறி இறங்கின. வலது, இடது. வலது, இடது. அவள் இருபது வருடமாகக் கால்களைப் பார்த்தவள். சட்டென்று புருவம் சுருங்கியது.

"நிறுத்து. மறுபடி மிதி."

இடது முட்டி மேலே வரும்போது கொஞ்சம் அதிகமாக ஏறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு காலை மட்டும் கொஞ்சம் தூக்கித் தைத்த பேன்ட்டைப் போல அவள் கண்ணை அது உறுத்தியது.

"நீ நொண்டறியான்னு ஊரே கேட்டுச்சே," என்றார் கணவர், மூச்சு வாங்க. "இப்ப சைக்கிளே நொண்டுதுன்னு சொல்லப்போறியா?"

அவள் மாடிக்கு ஓடினாள். டேப்போடு இறங்கி வந்தாள். பெடலைத் தாங்குகிற அலுமினியக் கை இரண்டு பக்கமும் உண்டு, கடைக்காரர்கள் அதைக் கிராங்க் என்பார்கள். நடு அச்சிலிருந்து பெடல் திருகும் இடம் வரைக்கும் வலதுபக்கம் வைத்துப் பார்த்தாள். பதினேழு சென்டிமீட்டர். இடதுபக்கம் வைத்தாள். பதினேழரை.

மறுபடி வைத்தாள். பதினேழரைதான்.

பாவாடை நுனியால் இடது கிராங்க் கையின் உள்பக்கத்து மசியைத் துடைத்தாள். அழுக்குக்கு அடியில், பிறந்த தேதி பொறித்ததுபோல, மில்லிமீட்டரில் ஓர் எண் தெளிவாக இருந்தது: 175. வலதுபக்கத்தில் 170.

கண்ணளவு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தரையில், தபால் பெட்டிகளுக்கு அடியில்.

"என்ன ஆச்சு அண்ணி? தலை சுத்துதா?"

"அதை நான்தான் போட்டேன்."

"எதை?"

போன வருடத்துக்கு முந்தைய மழையில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பெடலைத் திருகும் கிராங்க் கையின் மரை மட்டும் அறுந்துபோனது. பழைய பாகங்கள் போட்டுவைக்கும் பெட்டியில் அதே கம்பெனியின், அதே நிறத்து இடது கை ஒன்று கிடைத்தது. கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சரிதான் என்று பட்டது. மாட்டிவிட்டாள். டேப் கழுத்தில்தான் கிடந்தது. வலி வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து என்பதால் இதையும் அதையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. டாக்டரும் காலைத்தான் படம் எடுத்தார். சைக்கிளை எடுக்கவில்லை.

"துணியில அரை சென்டின்னா தையலுக்குள்ள போயிடும்," என்றாள் மெல்ல. "அதைப் போய் நான் என்னைக்குக் கணக்குல எடுத்திருக்கேன்?"

முதலில் நாத்தனாருக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டது.

"கண்ணளவு! பேரைப் பாரு! நூலளவு பிசகாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு, சொந்த சைக்கிள்ல கோட்டை விட்டீங்களா? போதாததுக்கு என் காலையும் சேத்து?"

"கூடத்துல சொல்லிடாத."

"நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்."

"சொல்லித் தொலை," என்றாள் கண்ணளவு. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மசிக் கையால் துடைக்கப்போய்க் கன்னம் கறுப்பானது. பதினாலு மாதமாக அவள் தன் காலைப் பகைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போதும் படுக்கும்போதும், என்னைக் காட்டிக்கொடுத்த காலே என்று அதோடு சண்டை போட்டிருந்தாள். பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக மடங்கச் சொன்னால் எந்தக் கால்தான் கத்தாது? கத்தித்தான் சொல்லியிருக்கிறது. பாவாடைக்கு மேலாகவே முட்டியைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்ப தேய்மானம் இல்லையா?" என்றார் கணவர். பின்சக்கரத்தை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"இறக்குங்க முதல்ல. உங்களுக்குத் தேய்மானம் வந்துடப்போகுது."

மறுநாளே சைக்கிள் கடையில் பதினேழு சென்டிமீட்டர் கிராங்க் கை வாங்கி மாட்டினார்கள். டேப் வைத்து ஐந்து முறை பார்த்தாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "அம்மா, அது வளராது" என்றார்.

இருந்தாலும் கண்ணளவு உடனே ஏறவில்லை. பயம்தான். டேப் சொன்னதைக் கால் மறுத்துவிட்டால்? நாத்தனார் முதலில் ஓட்டட்டும் என்றாள். பத்தாம் நாள் நாத்தனாரின் கடையிலிருந்து ஃபோன் வந்தது. "அண்ணி, நாலு நாளா மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி இறங்கறேன். ஒரு வாடிக்கையாளர் பயந்தே போயிட்டார்." அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அந்த வாடிக்கையாளருக்குப் பார்வை சரியாக இருந்ததா என்று கண்ணளவு கேட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு விடிகாலை, மேட்டுச் சாலை தொடங்குமிடத்தில் நாத்தனார் சைக்கிளோடு காத்திருந்தாள். கண்ணளவு நடந்து வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். முதலில் மதிலின் மறுகோடி வரைக்கும் பின்னால் போய்த் திரும்பி வந்தாள். அந்த மதில்தான் அவளுக்கு நீதிமன்றம். பெயின்ட் வாடை, கம்பிவேலி, மூன்றாவது விளக்குக் கம்பம். இதோ, இங்கேதான் குத்தும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குத்தவில்லை. நாலாவது கம்பம். ஐந்தாவது. மதில் முடிந்தது. நாத்தனாரைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டினாள், வாயைத் திறந்தால் கண்பட்டுவிடும் என்பதுபோல. மேடு ஏறினாள். தொடை எரிந்தது, நெஞ்சு இரைத்தது. அதெல்லாம் பழைய நண்பர்கள், வரவேண்டியவர்கள்தான். முட்டி வாயே திறக்கவில்லை. எண்ணெய் போட்ட கதவுபோல மடங்கி நிமிர்ந்தது.

உச்சியில் நின்றாள். தண்ணீர் இருந்தது. வானம் அதில் தலைகீழாக, அவசரமில்லாமல் கிடந்தது. ஒரு நிமிடம் என்பது பத்து நிமிடம் ஆனது. யாரும் இல்லாததால் சத்தமாகச் சிரித்தும் பார்த்தாள்.

இறங்கி வந்தபோது நாத்தனார் ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசத்தை மாட்டித் தயாராக இருந்தாள். அவளுக்கும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்ட ஒரு கூட்டம் அமைந்திருந்தது, ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தவள் அவள். இப்போது கன்னத்தில் வெயில் பட்ட நிறம் ஏறியிருந்தது.

"வலிச்சுதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல. முட்டின்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு."

நாத்தனார் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்சநேரம் அசட்டுத்தனமாக ஆடினார்கள், நடுவில் சைக்கிளோடு. பிறகு நாத்தனார் மணியைப் பார்த்துவிட்டுக் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். கண்ணளவு விடவில்லை. பச்சை நாடாவின் ஒரு முனையில் அவள் கை, மறு முனையில் நாத்தனார் கை.

"என்ன அண்ணி?"

"கேக்கவே வெக்கமா இருக்கு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவளை எனக்கே பிடிக்காது. வாரத்துல ரெண்டு நாள் குடு போதும்னு பொய் சொல்லலாம்னு மேல நின்னு யோசிச்சேன். வேண்டாம். முழுசா வேணும். உனக்கு வேற ஒண்ணு நானே கோத்துத் தர்றேன், அது முடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனா இதை... இதை எனக்கே திருப்பித் தந்துடறியா?"