துப்பாக்கிக்கு எண்ணெய்

ஒரு சட்டி பனிக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு அரிசோனாவுக்கு வந்துவிடுகிறேன் என்று ஆர்லோ தன் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்தது நவம்பரில். மார்ச் பிறந்து பாதி போய்விட்டது, சட்டி இன்னும் அடுப்பேறவில்லை.

போன குளிர்காலத்தில் கூரைமேல் ஏறிப் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டான் ஆர்லோ. அன்றிலிருந்து மகன் வேடின் தொல்லை ஆரம்பித்தது. பனியே இல்லாத ஊரில் உனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன், வந்துவிடு என்று ஓயாமல் போன். மகனிடம் முடியாது என்று சொல்லும் வித்தை ஆர்லோவுக்கு எந்தக் காலத்திலும் கைவந்ததில்லை. அதனால் குழம்பைச் சாக்காகச் சொன்னான். ஆயுசு முழுக்க அலாஸ்காவில் கழித்தவன் கடைசியாக ஒரு பனிக்கோழி தின்னாமல் கிளம்பக் கூடாது என்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்த வேடும் மறுக்கவில்லை.

ஹில்மா அவனுக்கு மனைவி அல்ல, சொந்தமும் அல்ல. ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷனும் இவன் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைதோறும் இருவரும் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் பனிக்கோழி வேட்டைக்குப் போவது வழக்கமாகியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி. மாற்றி மாற்றிச் சுடுவார்கள். துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிப்பது ஆர்லோவின் வேலை, பலகைக்கு மெழுகு பூசுவது ஹில்மாவின் வேலை. ஒருத்தர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. ஊரில் பலர் இவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்பதில் ஹில்மாவுக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அறுபதைத் தாண்டிய ஒருத்தி அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்பான். அர்த்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் சங்கடம். வாயைத் திறப்பதற்குப் பதிலாக அவள் வேட்டையைத் தள்ளிப்போட்டாள். ஒரு சனிக்கிழமை முழங்கால் வலி. ஒரு சனிக்கிழமை புயல் வரும்போல இருந்தது, வரவில்லை. ஏனென்றால் அவள் போனால் கோழி விழும். அந்தப் பள்ளத்தாக்கில் கைத்துப்பாக்கியால் பறவையின் தலையைப் பார்த்து அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆர்லோவோ, ஒரு தடவை தன் சொந்த பிளாஸ்க்கையே சுட்டவன்.

அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முழங்காலும் அவளைக் கைவிட்டு நன்றாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள்.

பலகை பனியில் ஒட்டாமல் வழுக்க அடியில் மெழுகு பூச வேண்டும். கடுங்குளிருக்குப் பச்சை மெழுகு, கொஞ்சம் குறைந்தால் நீலம், பனி இளகும் நாளில் சிவப்பு. அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஹில்மா அன்று காலை, மூச்சு விட்டால் புருவத்தில் உறையும் குளிரில், நான்கு பலகைக்கும் சிவப்பைத் தாராளமாகப் பூசினாள். காட்டு விளிம்பைத் தாண்டுவதற்குள் பனி மொத்தமும் பலகைக்கு அடியில் அப்பிக்கொண்டது. சறுக்க வேண்டியவர்கள் மரச்செருப்பு மாட்டியவர்கள் மாதிரி டொக்கு டொக்கென்று நடந்தார்கள்.

ஆர்லோ பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா இது, இந்தக் குளிருக்குச் சிவப்பா?"

"வெயில் ஏறும்னு நெனச்சேன்."

அவன் சூரியனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுரண்டியை எடுத்து நான்கு பலகையையும் சுரண்ட உட்கார்ந்தான். கை விறைக்க விறைக்கச் சுரண்டினான், ஆனால் அவசரமே காட்டவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று ஹில்மாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தன் திருட்டை மறைப்பதில் மும்முரமாக இருந்தவளுக்கு அடுத்தவன் திருட்டு எங்கே கண்ணில் படும்?

மேலே ஓடையோரப் புதர்களில் பனிக்கோழிகள் இருந்தன. அவற்றைப் பார்ப்பது சுலபமல்ல. குளிர்காலத்தில் உடம்பெல்லாம் வெள்ளை, பனியும் வெள்ளை. கண்ணும் அலகும் மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரியும். புள்ளி நகர்ந்தால் கோழி. ஆர்லோ கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்து, உடம்புச் சூட்டோடு அவளிடம் நீட்டினான்.

ஹில்மா நிதானமாகக் குறி பார்த்தாள், கோழிக்கு ஒரு முழம் மேலே. வெடித்ததும் கிளையிலிருந்த பனி கொட்டிக் கோழியின் தலையில் விழுந்தது. அது தலையைச் சிலுப்பிக்கொண்டு அவளையே பார்த்தது. பனிக்கோழி அப்படித்தான், பயம் என்பதே கிடையாது. இரண்டாவது தடவை இடது பக்கம் தள்ளிச் சுட்டாள். கோழி ஓரெட்டு வலப்பக்கம் நகர்ந்துகொண்டது, இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது போல.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளச் சொன்னான் ஆர்லோ. துடைத்துக்கொண்டாள்.

கோழிக் கூட்டம் மெல்ல ஓடையின் மேல்பக்கம் நடந்தது. பின்னாலேயே இவர்களும் போனார்கள். இப்போது ஆர்லோவின் முறை. துப்பாக்கியைக் கோட்டுக்குள் திருப்பி வைக்காமல் வெறுமனே கையில் பிடித்துக்கொண்டே வந்தான், வளைவு வரை, வளைவுக்கு அப்புறமும். கோழிகள் நின்றன. அவனும் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, விசையை இழுத்தான்.

டிக் என்றது, வெடிக்கவில்லை. தோட்டா சரியில்லை என்று முணுமுணுத்து வேறு தோட்டா ஏற்றினான். மறுபடியும் டிக்.

"குடு இப்படி," என்று வாங்கினாள் ஹில்மா. பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தாள். சோம்பேறி மாதிரி அரைகுறையாக வந்து நின்றது. உள்ளே விரலை விட்டாள். உறைந்த நெய் மாதிரி விரலில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்.

அங்கே முதல் பனி விழுவதற்குள் எல்லோரும் துப்பாக்கியைப் பெட்ரோலில் கழுவி, பொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து வைத்துவிடுவார்கள். கோட்டுச் சூட்டில் இளகியிருக்கும் எண்ணெய் வெளிக்குளிரில் உறையும், உறைந்தால் துப்பாக்கி இரும்புத் துண்டுதான். இதைப் புதிதாக ஊருக்கு வருகிற ஒவ்வொருவரையும் கடை வாசலில் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பவன் ஆர்லோ. போன வருஷம் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் துப்பாக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் பார்த்துவிட்டு அந்த மனுஷனை அழாத குறையாக வறுத்தெடுத்தான். அந்த ஆர்லோவின் துப்பாக்கியில் இப்போது ஒரு கரண்டி எண்ணெய்.

"எப்பப் போட்ட?"

"நேத்து ராத்திரி."

"தெரிஞ்சேவா?"

ஆர்லோ கையுறையை ரொம்பக் கவனமாகச் சரிசெய்தான். "சிவப்பு மெழுகு பூசினவ என்னக் கேக்குறியா? மொதல்ல சுட்டியே, கோழியவா சுட்ட? ஆகாசத்தச் சுட்ட."

"பாத்துட்டியா."

"இத்தன வருஷமா ஒன் பின்னாலதான வர்றேன். ஒன் குறி எனக்குத் தெரியாதா?"

ஹில்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆர்லோவும் சிரித்தான், விலா வலிக்கிறது நிறுத்து என்று கெஞ்சிக்கொண்டே. புதருக்குள்ளிருந்து சேவல் ஒன்று குரல் கொடுத்தது. அதன் கூப்பாடு 'திரும்பிப் போ, திரும்பிப் போ' என்றுதான் எல்லோர் காதிலும் விழும். ஆர்லோவின் சிரிப்பு நின்றது.

"இதுவும் வேட் பக்கம், என்னப் போகச் சொல்லுது," என்றான்.

ஹில்மா எழுந்து பனியைத் தட்டிக்கொண்டாள். இனியும் சொல்லாவிட்டால் அவளைவிட முட்டாள் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

"போகாத ஆர்லோ. நீ இல்லாம நான் செத்துற மாட்டேன், இருந்துருவேன். ஆனா அப்படி இருக்க எனக்கு இஷ்டமில்ல."

அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பையனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, குழம்பு சாப்பிட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே என்றான். கோழி கிடைக்கவில்லை என்றால் தப்பிக்கலாம், இந்த வருஷம் கிடைக்கவில்லை, அடுத்த வருஷமும் கிடைக்காது, அப்படியே ஓட்டிவிடலாம் என்று மெதுவாக இழுத்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. "கோழி கெடைக்கலன்னு ஒருத்தன் என் பக்கத்துல இருக்கறதா? வேணாம் சாமி. வயிறு ரொம்பத் தின்னு. தின்னுட்டு இருக்கியா போறியான்னு சொல்லு."

டீ போடக் கொண்டுவந்த சின்ன அடுப்பைத் திறந்து, அதிலிருந்த பெட்ரோலைத் துப்பாக்கிக்குள் ஊற்றிக் கழுவினாள். இன்று டீ கிடையாது என்றாள். கைக்குட்டையால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, வாடை அடங்கும் வரை காற்றில் வைத்திருந்து, பிறகு கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கினாள். கோழிகள் அதுவரை அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தன. வேறு எந்தப் பறவையும் இவ்வளவு நேரம் கொடுத்திருக்காது. ஹில்மா சுட்டாள், ஒன்று. மறுபடி சுட்டாள், இரண்டு. மூன்றாவதையும் தலையில்தான் அடித்தாள்.

வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து இறகு பறித்தார்கள். பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதக்கி, கோழியைச் சிவக்க வறுத்து, காய்ந்த காளானும் பாலேடும் சேர்த்து ஹில்மா குழம்பு வைத்தாள். உப்பு ஒரு கல் கூடிவிட்டது, அவளுக்கே தெரிந்தது. ஆர்லோ சாப்பிட்டான். மறுபடி வாங்கிச் சாப்பிட்டான். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி காலி.

கை கழுவிக்கொண்டு வந்து அவனே போனை எடுத்தான்.

"வேட், குழம்பு சாப்பிட்டேன்டா. ஹில்மா வச்சா. உப்புக் கொஞ்சம் தூக்கல், ஆனா அருமையா இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். "நான் வரலப்பா."

கழுவிக்கொண்டிருந்த தட்டு ஹில்மாவின் கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வேடின் குரல் ஏறியது. விலா எலும்பு, கூரை, வாக்கு என்று துண்டு துண்டாகக் கேட்டது. ஆர்லோ போனை அவளிடம் நீட்டினான்.

"ஏன்னு கேக்குறான். எனக்குச் சொல்ல வரல, நீயே சொல்லு."

ஈரக்கையோடு வாங்கினாள். என்னவென்று சொல்வது? இந்த வயதில், பிள்ளை வயசுக்காரனிடம்? சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"தம்பி, உங்கப்பா நேத்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுட்டாரு."

"எங்கப்பாவா?" என்றான் வேட். "குளிர்காலத்துலயா?"

"சொட்டச் சொட்ட."

எத்தனை வருஷமானால் என்ன, அந்த ஊரில் பிறந்தவன், அந்த அப்பனிடம் துப்பாக்கி துடைக்கக் கற்றுக்கொண்டவன். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"சரி அத்தை," என்றான். அவன் குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. "கூரைமேல மட்டும் ஏற விட்றாதீங்க."