ஒரு நாள் பிந்திப் பிறந்தவன்

ஜெகதீஸ்வரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசிக்கவேண்டாம். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிற எங்கள் ஒஃபிஸ். ஒன்பது பேர், ஒரு ஏசி. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நசிந்துகொண்டு வருவேன். அவள் வெள்ளவத்தையிலிருந்து காலாற நடந்து வந்து, முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அதற்கும் எனக்கு எரியும்.

எங்கள் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா சேருக்கு ஒரே பாட்டுத்தான். "ஒருக்கா எழுதினதைத் திருப்பி எழுதிக்கொண்டு இராதேங்கோ. மற்றவன் எடுத்துப் பாவிக்கிற மாதிரி எழுதுங்கோ." நாங்கள் எழுதிய ஜாவா மொழியில் அதற்கு வழி இருந்தது. ஒரு வேலையை 'கிளாஸ்' என்கிற ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எடுத்துப் பாவிக்கிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. கேட்டால் விடை வரும். இன்னொருவன் அதையே தாய் கிளாஸாக வைத்து, அதன்மேல் தன்னுடையதைக் கட்டிக்கொள்ளலாம். தாய்க்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். இப்படி எழுதியவற்றைப் போட்டுவைக்க சேர் ஒஃபிஸ் பொதுக் கொம்பியூட்டரில் ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு 'அலுமாரி' என்று பெயரும் வைத்திருந்தார்.

நான் அங்கே ஐந்து வருடம். அலுமாரியில் நான் வைத்தவற்றைத் தூசி தட்ட ஆளில்லை. அவள் வந்து ஒன்றரை வருடத்தில் அலுமாரி முழுக்க அவள்தான். பெயர் எழுதுகிற கிளாஸ், விலாசம் எழுதுகிற கிளாஸ், மூன்று மொழியிலும் திகதி எழுதுகிற கிளாஸ். எதைக் கேட்டாலும், "ஜெகாவிட்டக் கேளுங்கோ." அவள் தும்மினால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தபோது, "என்ன ஒஸ்வால்ட், லீவில நிண்டனீங்களோ?" என்று கேட்டார்கள்.

அவளுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது அடையாள அட்டைக் கொம்பொனன்ற், அட்டை இலக்கத்தைப் படித்துச் சொல்கிற கிளாஸ். நம் நாட்டு அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஆளின் பிறந்த திகதி இருக்கிறது. முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு ஐந்நூறைக் கூட்டியிருப்பார்கள். இலக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும், பிறந்த திகதி, வயது, ஆணா பெண்ணா எல்லாம் வந்து விழும். ஒரு காப்புறுதிக் கொம்பனி எடுத்தது, ஒரு ஆஸ்பத்திரி எடுத்தது. கடைசியாக, ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டுக்காரர் தங்கள் ஆட்களுக்குக் கேற் பாஸ் அடிப்பதற்கு எடுத்தார்கள்.

அதைச் செய்யத் தொடங்கிய நாட்களில் ஒருமுறை என் மேசைக்கு வந்தாள். "ஒஸ்வால்ட், அலுமாரியில உங்கட பழைய கிளாஸ் ஒண்டு கிடக்கு. எடுக்கட்டே?"

"எடுங்கோவன். அதில என்ன கிடக்கு" என்றேன். எந்த கிளாஸ் என்றுகூடக் கேட்கவில்லை. என் குப்பையையும் விடமாட்டாள் போலிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

ஓகஸ்ட் மாதம் சேர் ஓர் அறிவித்தல் கொடுத்தார். அலுமாரியைத் தனிப் பிரிவாக்கப் போகிறாராம். அதற்கு ஒரு தலைவர், தனி அறை, கீழே மூன்று பேர். வருகிற திங்கட்கிழமை ஆள் யாரென்று சொல்வாராம். யாரென்று சுவருக்கும் தெரியும். ஐந்து வருடம் அங்கே கிடந்து தேய்ந்தவன் நான். அந்த அறையின் யன்னலால் கடல் தெரியும் என்பதைக்கூட நான் எப்போதோ பார்த்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் என் தம்பி கிளெமென்ற் வேலைவிட்டு வந்தான். அந்த யார்ட்டில்தான் அவன் கிளார்க். கழுத்தில் புதுப் பாஸ் தொங்கியது.

"அண்ணா, உங்கட ஒஃபிஸ் அடிச்ச பாஸ். என்னை ஒரு நாள் பிந்திப் பிறக்க வச்சிட்டாங்கள்."

வாங்கிப் பார்த்தேன். பிறந்த திகதி 1975 ஓகஸ்ட் 15. அவன் பிறந்தது பதினாலு. அம்மாவுக்கு அது மறக்காது. மாதா திருநாளுக்கு முதல்நாள், கோயிலுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது வலி வந்ததாம். அவனுடைய அடையாள அட்டையிலும் பதினாலு என்றுதான் இருந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜெகதீஸ்வரியின் கொம்பொனன்ற் பிழை. ஊரெல்லாம் புகழ்ந்த சாமானில் ஓட்டை. உடனே வெள்ளவத்தைக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். நான் போடவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது, சேர் வாயைத் திறக்கும் முன்னே, தம்பியின் பாஸையும் அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். அந்த நேரம் அவள் முகம் எப்படிப் போகும் என்று அன்றிரவு படுக்கையில் நாலைந்து தரம் பார்த்துக்கொண்டேன். அவளுடைய கிளாஸைத் திறந்து பிழை எங்கே என்று தேடக்கூட இல்லை. அவள் எழுதினதை உட்கார்ந்து வாசிக்க எனக்கு மானம் விடவில்லை.

"திருப்பிக் குடுத்து மாத்திறதோ?" என்று தம்பி காலையில் கேட்டான்.

"திங்கட்கிழமை நான் மாத்தித்தாறன். அதுவரைக்கும் உதையே போடு."

"ரெண்டு திகதி எண்டா செக்பொயின்றில பிடிக்கமாட்டாங்களே?"

"ஒரு நாள்தானேடா. யார் உதைப் பாக்கிறது."

பார்த்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வரும் வழியில், வீதித் தடையில் நின்றவன் பாஸையும் அட்டையையும் ஒன்றாக வாங்கிப் பார்த்திருக்கிறான். தமிழ்ப் பொடியன், வயது இருபத்துநாலு, பிறந்த திகதி இரண்டு. துறைமுகத்துப் பக்கம் வேலை. வேறென்ன வேண்டும் அவனுக்கு. மூன்று மணிக்கு யாரோ வந்து அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா தம்பியின் ஞானஸ்நானப் பத்திரத்தை என் கையில் திணித்து என்னைப் பொலிஸுக்கு விரட்டினாள்.

பொலிஸில் தம்பி நிலத்தில் குந்தியிருந்தான். இடுப்பில் பெல்ற் இல்லை, காலில் சப்பாத்து இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பொறுப்பதிகாரியிடம் என் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இது கொம்பியூட்டர் பிழை, எங்கள் ஒஃபிஸில் செய்தது, பையன் பிறந்தது பதினாலாம் திகதிதான். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "இந்தப் பிழையைச் செய்தது நீயா?"

"நான் இல்லை, சேர்." கேள்வி முடியும் முன்னே வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப செய்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் இவன் இங்கேதான். மேலிடத்துக்கு எழுதி அனுப்புவேன்."

மேலிடத்துக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்பி வராமல் இருந்த காலம் அது. முன்னால் இருந்த கொமினிகேஷன் ஃபோன் கடைக்கு ஓடிப்போய் ஜெகதீஸ்வரிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, பதறவும் இல்லை. "பாஸில என்ன திகதி, அட்டையில என்ன திகதி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வாறன்" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் கொழும்பிலேயே பிறந்தவன். அவளுடைய அட்டை யாழ்ப்பாணத்தில் எடுத்தது. அந்த அட்டையை வைத்திருக்கிற ஒருவர் அந்த நாட்களில் தானாக நடந்து பொலிஸுக்குள் போகமாட்டார். ஒன்றரை மணித்தியாலத்தில் அவள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒஃபிஸ் கடிதத் தலைப்பில் சேருடைய கையெழுத்தோடு ஒரு கடிதம், இன்னும் சில தாள்கள்.

முதலில் அவளுடைய அட்டையை வாங்கினார்கள். வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவுத் துண்டை வாங்கினார்கள். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், அண்ணன் தம்பி எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னாள். பிறகு உடைந்த சிங்களத்தில், பிழை தன்னுடையது என்றாள்.

தாளை மேசையில் விரித்தாள். அட்டை இலக்கம் கொடுக்கிறவர்கள் எந்த வருடமென்றாலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்றே எண்ணுகிறார்கள். கொம்பியூட்டரோ எழுபத்தைந்தாம் ஆண்டுப் பெப்ரவரிக்கு இருபத்தெட்டுத்தான் எண்ணியது. அதனால் மார்ச் முதலாம் திகதியிலிருந்து பிறந்தவர்களெல்லாம் ஒரு நாள் பிந்திவிட்டார்கள். பொறுப்பதிகாரி நம்பவில்லை. தன்னுடைய அட்டையை எடுத்து, விரல்விட்டு, ஜனவரியிலிருந்து ஒக்ரோபர் வரை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். "சரிதான்" என்று சிரித்தார். இருந்தும் ஒரு மணித்தியாலம் வைத்திருந்துதான் தம்பியை விட்டார். அவளுடைய விபரம் எழுதிய பக்கம் அந்தக் கொப்பியிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் அவள் தம்பியைக் கேட்டாள். "பாஸ் கிடைச்ச உடன ஆரிட்டயாவது காட்டியிருக்கலாமே, தம்பி?"

"வியாழக்கிழமையே அண்ணாவிட்டக் காட்டினனான், அக்கா. திங்கட்கிழமை வரைக்கும் உதையே போடச் சொன்னவர்."

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். தம்பி ஓட்டோ மறிக்கப் போனபோது, தாள்களில் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வாற வழியில ஒஃபிசுக்குப் போய்ப் பாத்தனான். பிழை இதிலதான் இருக்கு."

திகதி எண்ணுகிற அந்தப் புரோகிராம் துண்டு எனக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. தலைப்பைப் பார்த்தேன். எழுதியவர்: ஒஸ்வால்ட், 1997. அவள் அன்று கேட்டு எடுத்த என் பழைய கிளாஸ். அதைத்தான் தாய் கிளாஸாக வைத்து அவள் மேலே கட்டியிருக்கிறாள். நான் அந்த வருடம் அதை என் சொந்த அட்டையைப் போட்டுச் சோதித்தேன். நான் பிறந்தது ஜனவரி பதினேழு. பெப்ரவரி வருவதற்குள் என் பிறந்தநாள் முடிந்துவிடும், பிழை எப்படித் தெரியும்?

"நானும் என்ர அட்டையைத்தான் போட்டுப் பாத்தனான்" என்றாள். "எழுபத்திரண்டு. லீப் வருஷம். சரியா வந்தது."

"பிறகேன் உங்கட பிழை எண்டு சொன்னனீங்கள்?"

"எடுத்தது நான்தானே, ஒஸ்வால்ட். பாக்காம எடுத்ததும் நான்தான். சேரிட்டயும் உங்கட பேர் சொல்லமாட்டன்."

அந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்கவேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. என் பிழையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதிலும் அவள் எனக்கு மேலே போய் நின்றாள்.

திங்கட்கிழமை எல்லாரும் கூடினோம். யார்ட்டுக்காரர் ஃபோனில் கத்தியிருந்தார்கள், சேரின் முகம் கறுத்திருந்தது. ஜெகதீஸ்வரி எழுந்து, "என்ர கொம்பொனன்றில பிழை, சேர். திருத்திப்போட்டன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சேர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "பொறுப்பான ஆள் வேணும். ஒஸ்வால்ட், அலுமாரியை நீங்கள் எடுங்கோ" என்றார்.

ஐந்து வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கடல் தெரிகிற யன்னல். நான் தலையை ஆட்டினால் போதும். எதிரே அவள் தன் கைகளைப் பார்த்தபடி இருந்தாள். இந்த அறையில் ஒரு பெரிய மனுசி இருக்கிறாள், அது யாரென்று அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இனி ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் இருந்துகொண்டு நான் அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பதவியை எனக்குப் பிச்சை போட்டவள் அவள் என்று.

"பிழை என்ர கிளாஸில, சேர்" என்றேன். "தொண்ணூற்றேழில நான் எழுதினது. பாஸில பிழை எண்டு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். ஜெகா மாட்டுப்படட்டும் எண்டு பேசாம இருந்தனான். அதாலதான் என்ர தம்பி பொலிஸில இருந்தவன்."

கூட்டம் முடிந்தபின் ஒருவர் வந்து என் தோளைத் தட்டி, "உண்மையைச் சொல்லப் பெரிய மனசு வேணும்" என்றார். மனசாவது மண்ணாவது. அந்த நல்ல பெயரையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்குப் பொறுக்கவில்லை, வேறொன்றுமில்லை. நான் சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், அதுவும் அவளுக்குத் தெரியும் என்று விளங்கியது.

அறை அவளுக்குப் போனது. தம்பி மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அலுமாரியைத் திறந்து, திருத்திய கிளாஸைப் பார்த்தேன். அவள் எழுதியதை நான் உட்கார்ந்து வாசித்தது அதுதான் முதல் தடவை. தலைப்பில் என் பெயரை அப்படியே விட்டிருந்தாள். கீழே, அதை எவர் மாற்றினாலும் தானாக ஓடிப் பார்க்கிற ஒரு சோதனை சேர்த்திருந்தாள். அதற்கு வைத்த பெயர் 'கிளெமென்ற்'. சோதிக்கிற திகதி 1975 ஓகஸ்ட் 14. அந்தத் திகதி சரியாக வராவிட்டால் அதற்குமேல் ஒன்றும் நகராது.

அந்த வரியை இன்னொருமுறை வாசித்தேன். அவன் என்னுடைய தம்பி. அந்த வரியை நான் எழுதியிருக்கவேண்டும்.