புன்லோமைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

போர்நிறுத்தம் வந்த மறு வருடம், லாவோஸ் தலைநகர் வியஞ்சானில் எங்களை ஜோடி ஜோடியாக ரோந்துக்கு அனுப்பினார்கள். அரசு போலீசிலிருந்து ஒருவன், அதுவரை எங்களோடு போரிட்டு, மலையிலிருந்து இறங்கி வந்த பதேத் லாவோ கம்யூனிஸ்ட் படையிலிருந்து ஒருவன். என் இடுப்பில் அமெரிக்கத் துப்பாக்கி. எனக்கு ஜோடியாக வாய்த்த புன்லோமின் தோளில் ரஷ்யத் துப்பாக்கி.

முதல் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவே இல்லை. சந்தையைச் சுற்றி ஆற்றங்கரை வரை போய்த் திரும்புவோம். ஒருநாள் மழைக்குப் படகுத்துறைக் கொட்டகையில் ஒதுங்கியபோது, ஏன் காலை இழுத்து நடக்கிறாய் என்று கேட்டார். அறுபத்தொன்பதில் ராணுவத்தில் இருந்தபோது, ஜாடிச் சமவெளியில் ஒரு குன்றை விட்டு ஓடும்போது பட்ட அடி என்றேன். எந்தக் குன்று என்றார். சொன்னேன். என் பக்கம் திரும்பினார்.

“சோத்த ஆக்கி வச்சிட்டு ஓடினது நீங்கதானா? நாங்கதான் தின்னோம். மீன் குழம்புல உப்ப அள்ளிக் கொட்டியிருந்தீங்க.”

“அவசரத்துல ஆக்கினது அண்ணே.”

அதன் பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. வடகோடியில் அவர் ஊர். அமெரிக்க விமானங்களின் குண்டுக்குப் பயந்து ஒன்பது வருடம், சண்டைக்குப் போகாத நாளெல்லாம் மனைவியோடு குகையில் குடித்தனம் நடத்தியவர்.

எங்கள் இருவருக்கும் இன்னொரு வேலையும் இருந்தது. கூட வருபவனைப் பற்றி அவரவர் மேலிடத்துக்கு வாரம் ஒரு அறிக்கை தர வேண்டும். அதையும் மறைத்துக்கொள்ளவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து, “இந்த வாரம் உன்னப் பத்தி என்னத்தடா எழுதுறது?” என்பார். சோம்பேறி என்று எழுதுங்கள் என்பேன். அப்படியே எழுதுவார்.

நானும் ஏதோ ஒப்பேற்றினேன். ஒரு வாரம் ஒன்றும் தோன்றாமல், அன்று அவர் சொன்னதையே எழுதிவிட்டேன்: யார் ஜெயித்தாலும் சரி, போர் போதும், ஊருக்குப் போய் வயலைப் பார்க்க வேண்டும் என்கிறார். பிரியத்தில் எழுதியதுதான். மேலதிகாரி படித்தாரோ என்னவோ, கட்டோடு அலமாரிக்குள் போனது.

எழுபத்தைந்தில் ஆட்சி பதேத் லாவோவிடம் போனது. எங்கள் அலமாரிகள் புதியவர்கள் கைக்குப் போயின. மூன்று மாதம் என்று சொல்லி, பழைய போலீஸ்காரர்களோடு என்னையும் வடக்கே மறுபயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். நான்கு வருடம் மூங்கில் வெட்டினேன். கூட வந்தவர்கள் பலருக்கு அப்போதும் விடுதலை இல்லை. என்னை விடுவிக்கும் நாளில் முகாம் அதிகாரி கோப்பைப் புரட்டினார். சோம்பேறி, அரசியல் தெரியாதவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்று வாரம் தவறாமல் எழுதியிருக்கிறது, அதனால்தான் போகிறாய் என்றார்.

ஊர் திரும்பும் லாரி சாலை வேலை நடக்கும் ஓர் இடத்தில் நின்றது. கல் உடைப்பவர்களுக்கு நடுவே புன்லோம் இருந்தார். சீருடை இல்லை. முன்பற்கள் இரண்டு போயிருந்தன. இறங்கி ஓடினேன். எங்கள் அலமாரியில் கிடைத்த என் அறிக்கையை அவருடைய ஆட்களே அவருக்குப் படித்துக் காட்டினார்களாம். யார் ஜெயித்தாலும் சரி என்ற வரியை மட்டும் மூன்று தடவை.

“அண்ணே, நான் வேணும்னு எழுதல.”

“தெரியும்டா. நான் சொன்னதத்தானே எழுதின.” சுத்தியலைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்லவே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, விட்டுடறோம்னாங்க. எனக்கு அலுத்துப்போச்சு. ஆமா, சொன்னேன்னுட்டேன்.”

மனைவியைப் பற்றிக் கேட்டேன். அவள்தான் வயலைப் பார்க்கிறாள் என்றார். டிரைவர் ஹார்ன் அடித்தான். மேஸ்திரி திரும்புவதற்குள் போய்விடு என்று சொல்லி, அடுத்த கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வியஞ்சான் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. வழியில் தெரிந்தவர்கள் யாரையாவது பார்த்தீர்களா என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன்.