நடுங்காத கை

...அந்தப் பஃபர் கரைசல் போத்தலில் ஒட்டியிருப்பது என் கையெழுத்துதான், வேறு யார் மேல் பழி போடுவது, காலையில்தான் லேபிளைப் படித்தேன், ஈடிடிஏ, எல்லாக் கரைசலிலும் பழக்கதோஷத்தில் சேர்ப்போமே, புரதம் கெடாமல் இருக்கட்டும் என்று, ஆனால் இது துத்தநாக விரல் புரதமாயிற்றே அமுதவள்ளி, இருபது வருஷமாக இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாய்... ஒவ்வொரு விரலின் மடிப்பையும் ஒரே ஒரு துத்தநாக அணுதான் பிடித்து வைத்திருக்கிறது, அது இருந்தால்தான் விரல் டிஎன்ஏயின் பள்ளத்தில் உட்கார்ந்து மூன்று மூன்று எழுத்தாகத் தடவிப் படிக்கும், இந்த மரபணு விழிக்கட்டும், அது உறங்கட்டும் என்று... ஈடிடிஏ உலோகத்தைக் கண்டால் விடாது, உருவி எடுத்துவிடும், விரல் தொளதொளவென்று அவிழ்ந்து போகும், அப்புறம் எங்கே போய் ஒட்டும்? என் சோதனையில் ஒட்டவே இல்லை, அனம் செய்தபோது மட்டும் ஒட்டியது.

சுபாங் ஜெயா தாண்டிவிட்டது, கொமுட்டர் ரயிலில் ஏசி எலும்பைத் துளைக்கிறது, அனம், என் மாணவி, "மேடம், நான் பஃபரை புதுசா கலந்தேன், எனக்கு ஒட்டுது, ஒரு தடவை பாருங்களேன்" என்றாளே, பார்த்தேனா? "உன் கை நடுங்குதும்மா, எதையோ மாத்தி ஊத்திட்ட, லேப் வேலை உனக்குச் சரிப்படாது லா" என்றேன், அத்தனை பேர் முன்னாலும்... அடுத்த மாதமே படிப்பை விட்டுவிட்டுக் கிள்ளானில் அத்தாவின் துணிக்கடைக்குப் போய்விட்டாள், நானோ ஒட்டாது என்ற என் முடிவைக் கட்டுரையாக அச்சேற்றினேன், ச்சே, என்ன மனுஷி நான். அவளுடைய நோட்டு இதோ என் பையில், 'ஈடிடிஏ சேர்க்கவில்லை' என்று தெளிவாக எழுதியிருக்கிறாள், அதற்குக் கீழே வாரா வாரம் நான் போடும் ஒப்பம், படிக்காமலே... கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் மன்னிப்பு, ஆமாம், முதலில் அதுதான்.

நான் கடைக்குள் நுழைந்ததும் அனம் நிமிர்ந்து பார்த்தாள், முகம் ஒரு நொடி வெளுத்தது, உடனே சிரித்துவிட்டாள். "வாங்க மேடம், துணி எடுக்கவா வந்தீங்க?" இப்போதே சொல்லிவிடு, சொல்லு... "ஆமாம்மா" என்றது என் வாய், கை எதையோ காட்டியது, நீலம், மூன்று மீட்டர். அளந்து, கத்தரிக்கோலை வைத்து ஒரே ஓட்டமாக ஓட்டினாள், ஒரு இழை பிசகவில்லை, நான் பக்கத்திலேயே நின்றும் அந்தக் கை துளிகூட நடுங்கவில்லை, அப்படியானால் அன்றைக்கு? அன்றைக்கு நான் அவள் கையைப் பார்க்கவே இல்லையே... "வேற ஏதாச்சும் வேணுமா மேடம்?" என்று துணி போட்ட பையை நீட்டியபடி நிற்கிறாள், நோட்டைப் பிடித்திருக்கும் என் கை இன்னும் என் பைக்குள்ளேயே இருக்கிறது.