பதினோராவது உறை

என் இடது கைச் சுண்டுவிரலுக்கு "மேஸ்திரி" என்று பெயர் வைத்தவர் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர். மற்ற மூன்று விரல்களும் கிட்டார் தந்தியில் மாடாக உழைக்கும்போது அது மட்டும் காற்றில் விறைத்து நின்று மேற்பார்வை பார்க்கிறதாம். நல்ல நகைச்சுவைதான். இன்னொருத்தி விரலாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அத்தானின் பாட்டுக்குழு சனிக்கிழமை மாலைகளில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும். அவர் ரிதம் கிட்டார், அக்கா பாடுவாள், ஒரு டிரம்மர், லீட் கிட்டார் நான். ஒருநாள் ஒத்திகையில், பாட்டு பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் நான் பின்தங்கிவிட்டேன் என்று அத்தான் நிறுத்தினார். இரண்டு வருஷமாகக் கேட்டு வந்த புகார்தான். அன்று என் கிட்டார் ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

"மேஸ்திரிய வெச்சுக்கிட்டு மேடை ஏற முடியாதும்மா. பழகறதுக்கு இது இடமில்ல. வீட்ல பழகிட்டு வா."

டிரம்மர் சிரித்தார். அக்கா குனிந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒயரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குழுவில் என் இடத்தை அவர் வாயாலேயே திரும்பத் தரவைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கொஞ்சம் பிசகினால் யாருக்கோ தலைவலி என்கிற வேலை. அந்தக் கவனத்தைக் கிட்டாரில் ஒருநாளும் காட்டியதில்லை என்பதும் உண்மை. செல்போனை மேஜையில் சாய்த்துவைத்து என் கையைப் படம்பிடித்தேன். பார்க்கவே அவமானமாக இருந்தது. மேஸ்திரி நிமிர்ந்தேதான் நின்றார். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஆட்காட்டி விரலால் ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்தும் கார்டு என்ற சுரக்கூட்டில் இரண்டாவது தந்தி ஊமை. காலி லென்ஸ் உறைகளில், உறைக்கு ஒரு குறையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். மொத்தம் பதினொன்று.

போனில் டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபதில் வைத்தேன். முழுப் பாட்டை வாசிக்கும் ஆசையை விட்டேன். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்த ஓர் இடம், அதை மட்டும் நூறு தடவை. சுண்டுவிரல் தந்தியிலிருந்து ஒரு லென்ஸ் கனத்துக்கு மேல் எழும்பினால் மறுபடி முதலிலிருந்து. அலுப்பு வந்தால் அத்தான் முகத்தை நினைத்துக்கொள்வேன். காபியைவிட நன்றாக வேலை செய்தது. ஏழு மாதத்தில் பத்து உறைகளைக் கிழித்துப் போட்டேன்.

பதினோராவது மட்டும் அசையவில்லை. "பல்லவிக்குத் திரும்பும்போது பின்தங்குகிறேன்." தனியாக வாசித்தால் அந்தத் தப்பு வரவே இல்லை, பிறகு எதைத் திருத்துவது? பழைய ஒத்திகைப் பதிவைத் தேடி எடுத்து, பாட்டின் வேகத்துக்கு மெட்ரோனோமையும் கூடவே ஓடவிட்டுக் கேட்டேன். பல்லவி நெருங்கியதும் அத்தான் அரைத் தட்டு முந்தி ஓடினார். டிரம்மர் அவர் பின்னாலேயே ஓடினார். தாளத்தில் நின்றவள் நான் ஒருத்திதான். ஒன்பது பதிவுகள் கேட்டேன், ஒன்பதிலும் அதே ஓட்டம். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அத்தானுக்குப் போன் செய்து, பழகிவிட்டேன், ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று பணிவாகச் சொன்னேன். பணிவு எனக்கு அவ்வளவு நன்றாக வரும் என்று அதுவரை தெரியாது. ஒத்திகை அறையில் செல்போனை ஸ்பீக்கரில் செருகி, மெட்ரோனோமோடு வாசிக்கலாமா, என் தப்பு பளிச்சென்று தெரியுமே என்று கேட்டேன். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

சுண்டுவிரல் தந்தியோடு தந்தியாகக் கிடந்து உழைத்தது. அவர் கண் அங்கேயே இருந்தது. பல்லவி வந்தது. அவர் ஓடினார், டிக் டிக் அவரோடு ஓடவில்லை. டிரம்மர் யார் பின்னால் போவதென்று தடுமாறி, என் பக்கம் வந்துவிட்டார். அத்தான் மட்டும் பல்லவியில் தன்னந்தனியாகப் போய் நின்றார். மெஷின் கோளாறு என்றார். மறுபடி வாசித்தோம், மறுபடியும் தனியாகத்தான் போய் நின்றார்.

அக்கா மைக்கைக் கீழே வைத்தாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. அந்த எடத்துல பத்து வருஷமா நான் பாதி மூச்சுலதான் பாடறேன். முழுசா மூச்சு இழுக்க நீங்க விட்டதே இல்ல."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கிட்டாரை வெகுநேரம் சுருதி சேர்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சனிக்கிழமை வந்துவிடச் சொன்னார்.

பையிலிருந்து பதினோராவது உறையை எடுத்தேன். "பின்தங்குகிறேன்" என்பதை அடித்துவிட்டு "முந்தி ஓடுகிறார்" என்று எழுதி, டிரம்மர் பார்க்கவே அத்தான் கையில் கொடுத்தேன்.

"அறுபதுல வெச்சு ஆரம்பிங்க அத்தான். இங்க வேணாம், வீட்ல பழகிட்டு வாங்க. மேஸ்திரி சொல்றேன்."

ஏழு மாதமாக நான் காத்திருந்த முகம் அது. ஆசை தீரப் பார்த்தேன். அப்புறம்தான் அக்கா சொன்னது உறைத்தது. பத்து வருஷம் என்றாள். அப்படியென்றால் நான் ஒயரைச் சுருட்டிய அன்றும் அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். குனிந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓர் உறைதான் கொண்டுபோயிருந்தேன். அக்காவுக்கும் சேர்த்து இரண்டு கொண்டுபோயிருக்க வேண்டும்.